கத்திரிக்கோலை எடுக்கும் முன்: நீள முடி வளர்ப்பதில் வரும் எரிச்சலைக் கையாளும் முறைகள்

இடுப்பையும் தாண்டி முடி வளர்க்க ஆசைப்பட்டுத் தொடங்கும் பலர், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் ஆத்திரத்தில் வெட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். 'வளரவே மாட்டேங்குது' என்ற சலிப்பு, சிக்கு எடுத்தே ஓய்ந்துபோகும் கை, காயாத தலையோடு வேலைக்கு ஓடும் அவதி, சீப்பில் வரும் கொத்து, உச்சந்தலையில் இறங்கும் வலி என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வெறுப்பாகத் தெரியும். உண்மையில் இவை தனித்தனிப் பிரச்சினைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்கு எளிய தீர்வும் இருக்கிறது. புதிதாக ஓர் எண்ணெய் பாட்டில் வாங்குவது இவற்றில் எதையும் தீர்க்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வளரவில்லை என்று தோன்றும்போது

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளரும். ஆண்டுக்கு அதிகபட்சம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வேகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்த்து உணரவே முடியாது. அதனால் அளந்து பாருங்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும். தையல் டேப்பின் நுனியை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வைத்து, உச்சி வழியாகப் பின்னால் இறக்கி, முடியின் நுனி வரை பிடியுங்கள். தலைக்குக் குளித்த மறுநாள், காய்ந்து வாரிய முடியில், ஒவ்வொரு முறையும் அதே போல அளக்க வேண்டும். ஈர முடி இழுத்தால் நீளும், சுருட்டை முடி காய்ந்தால் சுருங்கும். இரண்டையும் கலந்து அளந்தால் கணக்கு தப்பாகி, வீண் கவலைதான் மிஞ்சும்.

இப்போது ஒரு கணக்கு. தோளைத் தொடும் முடி இப்படி அளந்தால் ஏறக்குறைய 40 செ.மீ. வரும். இடுப்புக்குக் கீழே இறங்க 90 செ.மீ. வேண்டும். இடைவெளி 50 செ.மீ. ஆண்டுக்கு 15 செ.மீ. வளர்ந்து, நுனி திருத்துவதில் 3 செ.மீ. போனால், கையில் நிற்பது 12. ஆக நாலு வருடத்துக்கு மேல் ஆகும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டவருக்கு இரண்டாம் வருடத்தில் ஏமாற்றம் வராது. ஆறு மாதத்தில் இடுப்பு வரை வளரும் என்று எந்த விளம்பரமாவது சொன்னால், கணக்கே அதைப் பொய்யாக்கிவிடும்.

அதே 15 செ.மீ. வளர்ந்தும், நுனி மாதம் 1 செ.மீ. உடைந்துகொண்டே இருந்தால் ஆண்டுக்கு மிச்சம் 3 செ.மீ. மட்டும்தான். அப்படியானால் அந்த 50 செ.மீ.க்குப் பதினாறு வருடத்துக்கு மேல் ஆகும். 'என் முடி இந்த அளவுக்கு மேல் வளராது' என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு நடப்பது இதுதான். வேர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. நீளம் கீழே தொலைகிறது. 90 செ.மீ. முடியின் நுனிக்கு ஆறு வயது ஆகிறது. ஆறு வருட வெயில், தேய்ப்பு, சீப்பு, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் தாங்கிய பகுதி அது. உயிரில்லாத இழை என்பதால் தானாகச் சரியாகவும் முடியாது. எனவே கவனிப்பில் பெரும்பங்கு வேருக்கு அல்ல, கடைசி ஒரு சாணுக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு உதிர்வா, உடைவா என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். சீப்பிலும் தரையிலும் வரும் முடிகளை ஒரு கவரில் சேர்த்து, வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்து, முழு நீளத்துக்கும் இருந்தால் அது இயல்பாக உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் 3, 5, 10 செ.மீ. துண்டுகளாகக் கிடந்தால் உடைந்தது. உடைந்தவை அதிகம் என்றால் சீப்பு, துவட்டும் துண்டு, ரப்பர் பேண்ட், சூடு ஆகிய நான்கில் ஒன்றில் தவறு இருக்கிறது.

இயற்கையான எல்லை ஒன்றும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. ஒரு முடி வளரும் காலம் ஆளுக்கு ஆள் 2 முதல் 7 ஆண்டு வரை வேறுபடும். பரம்பரையில் நாலு வருடம் வாய்த்தவருக்கு 60 செ.மீ. அருகே நின்றுவிடும். உடைவே இல்லாமல், இரண்டு வருடமாக அளவும் கூடாமல், குமிழோடு உதிரும் முடிகள் எல்லாம் உங்கள் நீள முடியின் அதே அளவில் இருந்தால், எல்லையை நெருங்கிவிட்டீர்கள் என்று கொள்ளலாம். 2023-இல் உத்தரப் பிரதேசத்தின் ஸ்மிதா ஸ்ரீவாஸ்தவா 236.22 செ.மீ. முடியோடு கின்னஸ் சாதனை படைத்தார். அந்த நீளத்துக்குப் பராமரிப்பு மட்டும் போதாது, பிறவியிலேயே வாய்க்க வேண்டும். அவரோடு உங்கள் பின்னலை ஒப்பிட்டு வருந்த வேண்டாம்.

கொத்தாக வருவதைப் பார்த்துப் பதறும்போது

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. பின்னிப் போட்ட முடியில் உதிர்ந்தவை விழாமல் பின்னலுக்குள்ளேயே தங்கிவிடும். மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளிக்கும்போது இருநூறு முடி ஒரே நேரத்தில் கையோடு வரும். ஒவ்வொன்றும் 90 செ.மீ. என்றால் மொத்தம் 180 மீட்டர் இழை. சுருட்டினால் எலுமிச்சை அளவு உருண்டை ஆகிவிடும். குட்டை முடிக்காரருக்கு அதே இருநூறு முடி கண்ணிலேயே படாது. உருண்டையின் பருமனை வைத்து முடிவெடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தடவை உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிடுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மளமளவென்று கொட்டும். காய்ச்சல் மறந்தே போயிருக்கும், கொட்டும்போது பழி ஷாம்பு மேல் விழும். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கி, நெற்றியோரம் குட்டி முடிகள் நட்டுக்கொண்டு நிற்கத் தொடங்கும். நீள முடியில் இதன் தடம் வருடக்கணக்கில் தங்கும். காய்ச்சலுக்குப் பின் முளைத்தவை இரண்டு வருடத்தில் 30 செ.மீ.தான் வந்திருக்கும், அதனால் அந்த இடத்துக்குக் கீழே பின்னல் திடீரென்று மெலியும். அது புது நோய் அல்ல. அந்த அடர்த்தி வருடத்துக்கு 15 செ.மீ. போலக் கீழே இறங்கிக்கொண்டே வரும்.

வட்டமாக முடி போன இடம், அகன்றுகொண்டே போகும் வகிடு, புண், சீழ், ஆறு மாதம் தாண்டியும் நிற்காத உதிர்வு ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டுப் பரிசோதனைகளை வழக்கமாகச் செய்யச் சொல்வார்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி பயோட்டின் (பி வகை வைட்டமின்) மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டவைக்கும்.

சிக்கு

நீள முடி வளர்ப்பவரை அதிகம் அழவைப்பது இதுதான். மேலிருந்து கீழே வாருவதுதான் முக்கியக் காரணம். மேலே இருக்கும் சின்னச் சின்னச் சிக்கெல்லாம் சீப்போடு இறங்கி, நடுவில் ஒரே முடிச்சாகக் கட்டிக்கொள்ளும்.

முடியை நான்கு பாகமாகப் பிரித்து மூன்றை கிளிப் போட்டு ஒதுக்குங்கள். உள்ளங்கையில் நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, கையில் இருக்கும் பாகத்தின் கீழ்ப் பாதியில் தடவுங்கள். முதலில் விரலால் கோதுங்கள். பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து 10 செ.மீ. மட்டும் வாருங்கள். அது சறுக்கிக்கொண்டு போன பின் 10 செ.மீ. மேலே ஏறி, அங்கிருந்து நுனி வரை. இப்படியே வேர் வரை. சீப்புக்கு மேலே முடியை மற்ற கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது. பல்லில் பிசிறு உள்ள பிளாஸ்டிக் சீப்பு ஒவ்வொரு முறையும் இழையைச் சீவிவிடும், விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து அதைத் தூக்கிப் போடுங்கள். மரச்சீப்பு நல்லது, அதிலும் பிளவு இருக்கக் கூடாது.

சடையாகத் திரண்டுபோன முடிச்சுக்கு வேறு வழி. காய்ச்சலில் நாலு நாள் படுத்து எழுந்தால் பின்கழுத்தில் இப்படி ஆகும். தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும், அதனால் குளிக்காமலே தொடங்குங்கள். முடிச்சு ஊறும் அளவுக்கு எண்ணெயோ கண்டிஷனரோ விட்டு அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஓரத்திலிருந்து பத்து இருபது முடிகளாக, கீழ்ப்பக்கம் இழுக்காமல் பக்கவாட்டில் பிரியுங்கள். நடுவே ஒரு கொண்டை ஊசியின் முனையைச் செருகி ஆட்டினால் இளகும். இரண்டு மணி நேரம் பிடித்தாலும் பரவாயில்லை, ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கை வலித்தால் எண்ணெயோடு துணி கட்டிவிட்டு மாலையில் தொடருங்கள். கத்தரித்து எடுப்பது கடைசி வழி.

சிக்கு விழாமல் தடுப்பது இரவில்தான். தளர்வான ஒற்றைப் பின்னல் போட்டு, தலையணைக்கு மேலே எடுத்துப் போட்டுப் படுங்கள். பருத்தி உறை முடியை உரசி உறிஞ்சும். கிழிந்துபோன பழைய பட்டுப் புடவையில் ஒரு துண்டு வெட்டித் தலையணை உறை தைத்தால் அதைவிட நல்லது கிடைக்காது. பைக்கிலும் பேருந்து ஜன்னலோரமும் விரித்த முடியோடு போகவே வேண்டாம், பத்து நிமிடக் காற்று அரை மணி நேர வேலையைத் தரும்.

தலைக்குக் குளிக்கும் நாள்

அரை நாள் போகிறதே என்ற கோபம் நியாயமானது. வாரம் இரண்டு முறை போதும். வியர்வை அதிகமுள்ள கோடையில் இடையில் ஒரு நாள் தலைத்தோலை மட்டும் நனைத்து அலசிக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் காலையில் குளிக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இடுப்பு வரை உள்ள முடி காய இரண்டு முதல் நாலு மணி நேரம் ஆகும், கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இன்னும் கூடும். ஈரத்தோடு பின்னினால் உள்ளே காயாமல் மறுநாள் நாறும், பொடுகு உள்ளவருக்கு அரிப்பும் ஏறும்.

குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன், காய்ந்த முடியில் சிக்கெடுத்து, காதுக்குக் கீழே இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் இழைக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் இந்தக் குணம் இல்லை என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வைக்காதீர்கள், பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு அது தீனி.

முடியைத் தலைக்கு மேல் குவித்துத் தேய்க்கக் கூடாது, குனிந்து முன்னால் தள்ளியும் கழுவக் கூடாது. நிமிர்ந்து நின்று, முடி முதுகோடு தொங்க, தண்ணீர் மேலிருந்து கீழே ஓட வேண்டும். ஒரு மக்கில் 200 மி.லி. தண்ணீர் எடுத்து 10 முதல் 15 மி.லி. ஷாம்புவைக் கரைத்து, தலைத்தோலில் மட்டும் விட்டு விரல் நுனியால் தேயுங்கள். வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். பிறகு 20 முதல் 30 மி.லி. கண்டிஷனரைக் காதுக்குக் கீழே தடவி, மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள்.

சீயக்காய் போடுபவர்களின் பெரிய புகார், தூள் முடிக்குள் சிக்கிக்கொண்டு நாலு வாளித் தண்ணீர் விட்டாலும் போகாது என்பது. நீள முடிக்குத் தூளைக் கரைத்துப் போடும் முறை சரிப்படாது. எட்டுப் பத்துச் சீயக்காயை விதை நீக்கி அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சோறு வடித்த கஞ்சி இருந்தால் ஒரு டம்ளர் சேர்க்கலாம், வழுவழுப்பு கூடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் கடுமையாக இருக்கும்.

எவ்வளவு அலசினாலும் முடி பிசுபிசுவென்றும் சொரசொரவென்றும் இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் இழைமேல் படியும். ஷாம்பு நுரைக்காது, சோப்பு போட்டால் வெள்ளையாக ஒட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வினிகர் கலந்து முடியில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். மழைநீர் பிடிக்க வசதி இருந்தால் கடைசி வாளியை அதில் ஊற்றுங்கள். முதல் முறையே வித்தியாசம் தெரியும்.

துவட்டும் விதத்தில்தான் நிறைய முடி போகிறது. ஈர முடி இழுத்தால் நீளும், அப்போதுதான் அதற்குப் பலமும் குறைவு. துண்டை முறுக்கி அடித்து உதறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரிழைத் துண்டில் முடியைப் பொதிந்து, மேலிருந்து கீழாக அழுத்தி அழுத்தி எடுங்கள். முதல் துண்டு நனைந்ததும் இரண்டாவது துண்டு. பிறகு கட்டிலில் குறுக்கே படுத்து முடியை வெளியே தொங்கவிட்டு மின்விசிறி போட்டுக்கொண்டால் கழுத்துக்கும் ஓய்வு, வேரும் சீக்கிரம் காயும். முக்கால்வாசி காயும் வரை சீப்பு வேண்டாம்.

கனம், வலி, நெற்றியோர வழுக்கை

உச்சியில் இறுக்கிப் போட்ட கொண்டை இரண்டு மணி நேரத்தில் தலைவலி தரும். முடி முழுவதும் ஒரே புள்ளியில் தொங்குவதால்தான் அது. கொண்டையைப் பிடரிக்கு இறக்குங்கள், ரப்பர் பேண்டுக்குப் பதில் கொண்டைக் குச்சி செருகுங்கள். ஒரு நாள் ஒற்றைப் பின்னல், மறுநாள் தாழ்ந்த கொண்டை, அடுத்த நாள் இரட்டைப் பின்னல் என்று இடத்தை மாற்றுங்கள். வகிட்டையும் மாற்றுங்கள். பின்னி முடித்ததும் புருவம் மேலே இழுபட்டால் அது அதிக இறுக்கம். வருடக்கணக்கில் அப்படி இழுத்தால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலிந்து, வேர் செத்துப்போய் திரும்ப முளைக்காமலும் போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடையை மடித்துக் கட்டும்போது, மடிப்பு விழும் இடம் தினமும் ஒன்றாகவே இருந்தால் அங்கேயே முறியும். விடுமுறை நாட்களில் மடிக்காமல் விடுங்கள். கடையில் பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்டை முடியில் போடவே கூடாது. துணி சுற்றிய, உலோக இணைப்பு இல்லாத பேண்ட் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிரைண்டர், தையல் மோட்டார், பைக்கின் பின்சக்கரம், கோ-கார்ட் வண்டி, அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் பக்கம் போகும்போது பின்னலைக்கூடத் தொங்கவிடாதீர்கள். கொண்டை போட்டு உடைக்குள் அல்லது துணிக்குள் அடக்குங்கள். இதில் சோம்பல் பட முடியாது.

எலிவாலாகிப் போன நுனி

பின்னலின் கீழே நாலே நாலு இழை ஆடுவது பார்க்கும்போதெல்லாம் மனதைக் கெடுக்கும். இரண்டு வழி உண்டு. பொறுமை இல்லாதவர் ஒரேயடியாக 6 முதல் 8 செ.மீ. வெட்டிவிடலாம், ஆறு மாத வளர்ச்சிதான் போகும். நீளத்தை விட மனமில்லாதவர் எட்டுப் பத்து மாதத்துக்கு மாதம் 1 செ.மீ. வெட்டட்டும். வளர்வதும் வெட்டுவதும் ஏறக்குறையச் சமமாகி நீளம் அப்படியே நிற்கும், பின்தங்கிய முடிகள் வந்து சேர்ந்து நுனி தடிக்கும். எங்கள் பரிந்துரை இரண்டாவது வழிதான்.

வெடித்த நுனிகளை மட்டும் வீட்டிலேயே எடுக்கலாம். காய்ந்த முடியில் பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்தை எடுத்து முறுக்குங்கள். வெளியே துருத்தும் நுனிகளில் இரண்டாகப் பிளந்ததையும், வெள்ளைப் புள்ளி உள்ளதையும், அவற்றுக்கு 5 மி.மீ. மேலே வெட்டுங்கள். முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூர்மையான கத்திரிக்கோல் வேண்டும். சமையலறைக் கத்திரி இழையை நசுக்கிப் புது வெடிப்பை உண்டாக்கும்.

பார்லரில் 'ஒரு இன்ச்' என்றால் மூன்று இன்ச் போவது பலருக்கும் தெரிந்த துயரம். வாயால் சொல்லாமல், காய்ந்த முடியில் வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு பேண்டைப் போட்டுக்கொண்டு போய் 'இதுக்குக் கீழே மட்டும்' என்று காட்டுங்கள். ஸ்டெப், லேயர் எதற்கும் தலையாட்டாதீர்கள், அது சமமாக வளர வருடங்கள் ஆகும்.

வெட்டிவிடலாம் என்று தோன்றும் நாள்

அந்த எண்ணம் பெரும்பாலும் மூன்று நேரங்களில் வரும்: தலைக்குக் குளித்துச் சிக்கோடு போராடும்போது, சித்திரை வெயிலில், யாராவது ஏதாவது சொன்ன பிறகு. இந்த மூன்றிலும் முடிவெடுக்காதீர்கள். தேதியைக் குறித்துவைத்து 30 நாள் தள்ளிப்போடுங்கள். அதற்குள் மேலே சொன்னவற்றில் எது உங்களைக் குத்துகிறதோ அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். காய்வதுதான் பிரச்சினை என்றால் குளிக்கும் நாளை மாற்றுவது, வலி என்றால் கொண்டையை இறக்குவது, அலுப்பு என்றால் இரண்டு வாரம் முழுக்கக் கொண்டையிலேயே அடக்கி, கண்ணில் படாமல் வைப்பது. 'சவுரியா?', 'வெட்டிட்டா லட்சணமா இருக்குமே' என்பவர்களுக்கு 'எனக்குப் பிடிச்சிருக்குங்க' என்ற ஒற்றைப் பதில் போதும், விளக்கம் கொடுத்தால் பேச்சு வளரும். முடி வளர்க்கும் ஆண்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம், தோளைத் தாண்டும் வரை முடி எந்த வடிவத்திலும் நிற்காது. அந்தக் காலத்துக்கு ஹேர்பேண்டும் சின்ன முடிச்சும்தான் கைகொடுக்கும்.

30 நாள் கழிந்தும் வெட்டவே தோன்றினால் நிம்மதியாக வெட்டுங்கள், மறுபடி வளரும். புற்றுநோயாளிகளுக்கு விக் செய்யத் தானம் தர விரும்பினால், கேட்கப்படும் அளவு பெரும்பாலும் 12 அங்குலம். எண்ணெய் இல்லாமல் கழுவி முழுவதும் காயவைத்து, நாலு பின்னலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இரு முனையிலும் பேண்ட் போட்ட பிறகு, மேல் பேண்டுக்கு 1 செ.மீ. மேலே வெட்டச் சொல்லுங்கள். தரையில் விழுந்து கலைந்த முடியை வாங்கமாட்டார்கள். சாயம் போட்டதையும் பல இடங்களில் ஏற்பதில்லை என்பதால் வெட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.